அக்காவின் குப்பியும் சாக்கரின் வந்த கதையும்



போன மாதம் மகள் சென்னையிலிருந்து நான்கு நாள் லீவில் வந்திருந்தாள். காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டு வந்தபோது, "எனக்குச் சீனி போடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். தலையில் ஒரு அமுக்கு. 'டக்' என்று ஒரு வெள்ளை மாத்திரை காபிக்குள் விழுந்தது.

"உனக்குச் சுகர் ஒண்ணும் இல்லையேம்மா, எதுக்கு இது?"

"வயிறு குறையணும்ப்பா. எட்டு மாசமா இதைத்தான் போட்டுக்கறேன்."

"குறைஞ்சுதா?"

பதில் இல்லை. சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த முறுக்கில் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

அந்த 'டக்' சத்தம் என்னை நாற்பத்தைந்து வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது. என் அக்காவிடம் இப்படி ஒரு மாத்திரை இருந்தது. டப்பா அல்ல, சின்னக் கண்ணாடிக் குப்பி. மாதாமாதம் அதை வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தக் குப்பி அக்காவுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மகள் ஊருக்குப் போனபிறகு, அது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததையும் நினைவில் இருப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரே வேர், மூன்று சொற்கள்

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தார். அக்காவை மட்டும் சொந்த ஊரான சங்கரன்கோவிலிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. கொடி மாறினாலும் எங்கள் பள்ளியில் பாட மொழி மாறவில்லை.

எங்களுக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியார் இருந்தார். போர்க்காலத்தில் பிரான்சில் வாலிபராக இருந்தவர். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த அந்த நான்கு வருடங்களில் காபிக்கொட்டை கிடைக்காமல் சிக்கரியையும் வறுத்த பார்லியையும் கொதிக்கவைத்துக் குடித்ததையும், சீனிக்குப் பதில் சாக்கரின் போட்டுக்கொண்டதையும் சொல்லுவார். அதன் பின்ருசியை நினைத்து முகத்தைச் சுளிப்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

அவர் சொன்ன இன்னொன்றும் மறக்கவில்லை. பிரெஞ்சில் சீனிக்கு 'சுக்ர்' என்று பெயர். அந்தச் சொல் உங்கள் நாட்டிலிருந்து வந்ததுதான் என்றார். வடமொழியில் 'சர்க்கரா', பாலியில் 'சக்கரா', அது கிரேக்கத்தில் 'சக்கரோன்', லத்தீனில் 'சக்கரும்'. அந்த லத்தீன் சொல்லிலிருந்துதான் 'சாக்கரின்' என்ற பெயரை வைத்தார்கள். ஆக நம் சர்க்கரை, பிரெஞ்சுக்காரனின் சுக்ர், ஆய்வகத்தில் பிறந்த சாக்கரின் மூன்றுக்கும் வேர் ஒன்று. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரையைச் 'சீனி' என்போம். அது சீனாவிலிருந்து வந்த பெயர். கற்கண்டுக்கு வடக்கே சொல்லும் 'மிஸ்ரி', எகிப்து நாட்டின் பெயர். ஒரு இனிப்புக்குள் எத்தனை தேசம் பாருங்கள்.

கை கழுவாத ஒருவர்

1879-ஆம் வருடம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஐரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் வேலை செய்தார். ருஷ்யாவில் பிறந்தவர். வேடிக்கை என்னவென்றால், ஒரு இறக்குமதிக் கம்பெனிக்காகச் சீனியின் தரத்தைச் சோதிக்கத்தான் அவர் முதலில் அங்கே வந்தார். பிறகு ரெம்சனோடு சேர்ந்து கரித்தாரிலிருந்து எடுத்த பொருள்களை ஆராய்ந்தார். கரித்தார் என்றால் நிலக்கரியிலிருந்து வடியும் தார்.

ஒருநாள் வேலை மும்முரத்தில் கை கழுவ மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். வாயில் வைத்த ரொட்டி தித்தித்தது. கை துடைத்த துணியும் தித்தித்தது. விரலை நக்கிப் பார்த்தார், அதுவும் தித்திப்பு. உடனே ஆய்வகத்துக்கு ஓடி, மேஜைமேல் இருந்த பாத்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ருசி பார்த்தாராம். அதில் ஒன்றும் விஷமாக இல்லாதது அவர் அதிர்ஷ்டம். அப்படிக் கிடைத்தது சாக்கரின். சீனியைவிட ஏறக்குறைய 300 முதல் 500 மடங்கு தித்திப்பு. உடம்பில் செரிக்காமல் சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். அதனால் அதில் உடம்புக்குச் சக்தி எதுவும் கிடைப்பதில்லை.

கண்டுபிடிப்பை இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளியிட்டார்கள். காப்புரிமையை ஃபால்பெர்க் மட்டும் எடுத்துக்கொண்டு, ஜெர்மனியில் மாக்டெபுர்க் பக்கம் தொழிற்சாலை வைத்தார். ரெம்சனுக்கு அந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது சாக்கரினைப் பெரும்பாலானவர்கள் உடம்பு இளைக்க வாங்கவில்லை. சீனி வியாதிக்காரர்களுக்கு மருந்துக் கடையில் கிடைத்தது. மற்றபடி அது ஏழைகளின் சீனி. ஒரு சிட்டிகையில் ஒரு பானைத் தண்ணீர் இனித்துவிடுமே. பீட்ரூட் சீனி ஆலைக்காரர்கள் பயந்துபோனார்கள். 1902-இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சட்டம் போட்டு சாக்கரினை மருந்துக் கடைக்குள் அடைத்தார்கள். தடை வந்தால் கடத்தலும் வரும் அல்லவா. சாக்கரின் செய்ய அனுமதி இருந்த சுவிட்சர்லாந்திலிருந்து எல்லை தாண்டிக் கடத்தினார்கள். நம் ஊரில் அரிசி கடத்தியதை ஒரு காலத்தில் தாலுகா ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவன் நான், ஆகவே எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

அமெரிக்காவில் வேறு கூத்து. உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் போராடிய ஹார்வி வைலி என்ற அதிகாரி, சாக்கரினைத் தடை செய்ய வேண்டும் என்று 1908-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடமே சொன்னார். ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய டாக்டர் தினமும் அவருக்குக் கொடுப்பதே சாக்கரின்தான்! இருந்தாலும் 1912-இல் உணவுப் பண்டங்களில் தடை வந்தது. இரண்டு வருடத்தில் முதல் உலகப்போர் வந்து சீனிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் சாக்கரின் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு செய்தி. பருத்தி விதை விவகாரத்தில் நம் கரிசல்காட்டு விவசாயிகளெல்லாம் பெயர் கேட்டிருக்கும் மான்சாண்டோ கம்பெனி, 1901-இல் ஆரம்பித்தது விதை விற்க அல்ல, சாக்கரின் செய்ய.

தபசுக்கு வந்த ஐஸ்

நம் ஊர் ஆட்களுக்குச் சாக்கரின் என்றால் முதலில் நினைவு வருவது ஆடித் தபசுதான். கோமதி அம்மன் தபசுக் காட்சிக்குச் சுற்றுப்பட்டியெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கும். நாகசுனைக்குப் போய்விட்டு, புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, ரத வீதிக்கு வந்தால் குச்சி ஐஸ், சேமியா ஐஸ், சர்பத், கலர். நாங்களும் புதுச்சேரியிலிருந்து அந்தச் சமயத்தில் அக்கா வீட்டுக்கு வருவோம்.

ஐஸை உறிஞ்ச உறிஞ்ச முதலில் தித்திப்பு, பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அக்கா அப்போதே சொல்லுவாள்: "இது சீனி இல்லலே தம்பி, சாக்கரின். தொண்டை கட்டும், ஒண்ணோட நிப்பாட்டு." நான் இரண்டாவதும் தின்பேன், அக்காவே காசு கொடுப்பாள்.

1954-இல் வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளில் சாக்கரினுக்கு எல்லை போட்டிருந்தார்கள். பொட்டலப் பாக்கிலும் சோடா வகைகளிலும் அளவோடு சேர்க்கலாம் என்று அனுமதி. குச்சி ஐஸுக்கு இல்லை. தெருவில் அதை யார் பார்த்தார்கள்? சீனி ரேஷனில் இருந்த காலம் அது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2011-இல் நடைமுறைக்கு வந்த புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில், செயற்கை இனிப்பு சேர்க்கலாம் என்ற பட்டியலில் அல்வா, மைசூர்பாகு, பூந்தி லட்டு, ஜிலேபி என்று வரிசையாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமைக்காரனாகிய நான் அரசாங்க விதியில் அல்வாவின் பெயரைப் பார்த்து இரண்டு தடவை படித்தேன்.

அக்காவின் குப்பி

அக்காவுக்குச் சீனி வியாதி என்று 1978-இல் தெரிந்தது. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அத்தானுக்கு ஜவுளி வியாபாரம். நான் அப்போது இங்கே தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலைக்கு வந்து நான்கு வருடம்.

அக்கா குண்டு இல்லை. கை கால் எல்லாம் குச்சி. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். நாலு பிள்ளை பெற்ற வயிறு என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சீனியை நிறுத்தச் சொன்னார். "இனிப்பு இல்லாம காப்பி எப்படிலே குடிக்க?" என்று அக்கா அழாத குறையாகச் சொன்னாள். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் மருந்துக் கடையில் கேட்டு, சாக்கரின் மாத்திரைக் குப்பி ஒன்று வாங்கி வந்தேன். கடுகைவிடச் சற்றுப் பெரிய மாத்திரை. காபியில் போட்டால் நுரைத்துக் கரையும்.

அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாள், "என் தம்பி வாங்கிட்டு வந்தது" என்று. பிறகு மாதாமாதம் என் வேலை அது.

ஆனால் அந்தக் குப்பி வந்தபிறகு வீட்டில் ஒரு புதுக் கணக்கு ஆரம்பித்தது. அத்தான் வாங்கிவரும் அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "காப்பியிலதான் சீனி இல்லையே தம்பி, இதுல இருந்தா என்னா?" என்பாள். மத்தியானம் சோறு மூன்று தடவை. கேட்டால், "சோத்துல எங்க இனிப்பு இருக்கு?" நானும் தலையாட்டினேன். பிரெஞ்சில் படித்தவன், சர்க்கார் உத்தியோகஸ்தன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

1991-இல் காலில் ஒரு கொப்புளம். செருப்புக் கடித்தது என்றாள். அது ஆறவில்லை. விரல் போயிற்று, அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. 1994-இல் அக்காவே போய்விட்டாள். வயது ஐம்பத்தைந்து. கடைசியாக வாங்கிக் கொடுத்த குப்பியில் பாதி மாத்திரை மீதி இருந்தது.

மருந்திலிருந்து அழகுக்கு

சீனி வியாதிக்காரர்களின் மாத்திரை, இளைக்க விரும்புகிறவர்களின் மாத்திரையாக எப்போது மாறியது? அமெரிக்காவில் 1950-களின் கடைசியிலும் 60-களிலும்தான். வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்து, உடல் உழைப்பு குறைந்து, ஒல்லியாக இருப்பதுதான் அழகு என்று பத்திரிகைகள் சொல்ல ஆரம்பித்த காலம். 1963-இல் கோக்கோகோலா கம்பெனியே 'டாப்' என்று சீனியில்லாத பானம் ஒன்றை இறக்கியது. போர்க்காலத்தில் ஏழைக்குக் கிடைத்த போலிச் சீனி, இப்போது வசதியானவர்கள் விரும்பிக் கேட்டு வாங்கும் பண்டமாகிவிட்டது.

அடுத்தடுத்து வந்த இனிப்புகளும் பெரும்பாலும் கைதவறிக் கிடைத்தவைதான். 1937-இல் மைக்கேல் ஸ்வேடா என்ற மாணவர் மேஜையில் வைத்த சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தபோது தித்தித்தது, அது சைக்ளமேட். 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் காகிதத்தைப் புரட்ட விரலை நக்கினார், அது அஸ்பார்ட்டேம். என் மகளின் டப்பாவில் இருந்த சுக்ரலோஸின் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1976-இல் லண்டனில் சஷிகாந்த் பட்னிஸ் என்ற ஆராய்ச்சியாளரிடம், சீனியோடு குளோரின் சேர்த்துச் செய்த ஒரு பொடியைச் சோதிக்கச் சொன்னார்கள். 'டெஸ்ட்' என்று சொன்னது அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்துவிட்டது. எடுத்து நாக்கில் வைத்துவிட்டார்! சீனியைவிட 600 மடங்கு தித்திப்பு.

பயமும் கூடவே வந்தது. சைக்ளமேட் எலிகளுக்குப் புற்று உண்டாக்குகிறது என்று 1969-இல் அமெரிக்கா தடை செய்தது. 1977-இல் சாக்கரினையும் தடை செய்யப் பார்த்தார்கள். ஜனங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதித் தடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சிட்டார்கள். எலியின் சிறுநீர்ப்பையில் நடப்பது மனிதனுக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும் 2000-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலையில் அஸ்பார்ட்டேம் 'புற்று உண்டாக்கச் சாத்தியமுள்ளது' என்ற பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் சாப்பிடலாம் என்ற பழைய அளவை நிபுணர் குழு மாற்றவில்லை.

சரி, கொழுப்பு குறைகிறதா?

மகளின் கேள்வி இதுதான். காகிதக் கணக்குப்படி குறைய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன், மொத்தம் 30 கிராம் சீனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராமுக்கு 4 கலோரி, ஆக 120. வருடத்துக்கு 43,800. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வகுத்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. மாத்திரை போட்ட எல்லாரும் வருடத்துக்கு ஐந்தரைக் கிலோ இளைத்திருக்க வேண்டும்.

உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அக்காவின் அல்வா, மகளின் முறுக்கு. அதோடு எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது.

நியாயமாகச் சோதித்த ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2012-இல் நெதர்லாந்தில் 641 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் கால் லிட்டர் சீனி பானமும், மற்றதற்குச் செயற்கை இனிப்பு பானமும் பதினெட்டு மாதம் கொடுத்தார்கள். எது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சீனிப் பிரிவு சராசரி 7.37 கிலோ கூடியது, மற்றது 6.35 கிலோ. வளரும் பிள்ளைகள், கூடத்தான் செய்வார்கள். வித்தியாசம் ஒரு கிலோ, உடல் கொழுப்பும் அந்தப் பிரிவில் குறைவாகவே சேர்ந்தது. ஆக, தினமும் சீனி பானம் குடித்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பதில் இதை எடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சாக்கரின் கலந்த தயிர் தின்ற எலிகள், குளுக்கோஸ் கலந்த தயிர் தின்ற எலிகளைவிட அதிகம் தின்று அதிகம் கொழுத்தன. நாக்கு இனிப்பு என்று சொல்கிறது, வயிற்றுக்கு ஒன்றும் வருவதில்லை, அதனால் பசிக் கணக்கு குழம்புகிறது என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். மனிதர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலும் செயற்கை இனிப்பு சாப்பிடுகிறவர்களிடம் பருமன் அதிகமாகத்தான் தெரிகிறது. இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. குடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதற்காக, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா? குண்டாகிக்கொண்டிருப்பவர்கள்தானே முதலில் மாத்திரையைத் தேடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2023 மே மாதம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குறுகிய காலச் சோதனைகளில் சராசரியாகக் குறைந்த எடை 0.71 கிலோ, அதாவது முக்கால் கிலோகூட இல்லை. நீண்ட காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே எடை குறைக்கும் வழியாக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. செடியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவும் இதில் அடக்கம். ஏற்கெனவே சீனி வியாதி உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னையில் ஒரு சோதனை

வெள்ளைக்காரர்கள் ஜாடி ஜாடியாகக் குளிர்பானம் குடிக்கிறவர்கள், நமக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். நம் தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் வி. மோகனின் குழு, காபி, டீயில் போடும் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டால் என்ன ஆகும் என்று சீனி வியாதிக்காரர்களிடம் பன்னிரண்டு வாரம் சோதித்து 2024-இல் வெளியிட்டது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் மாற்றம் இல்லை. எடை சுமார் 0.3 கிலோ குறைந்தது. இடுப்புச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. கெடுதல் இல்லை, கொஞ்சம் நன்மை, அவ்வளவுதான்.

காரணம் எனக்கு விளங்குகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. சோறு, இட்லி, தோசை, மைதா. காபியில் இருக்கும் இரண்டு ஸ்பூன், அந்த மலையில் ஒரு கல். அதே ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சீனி வியாதி. நூற்றுக்கு நாற்பது பேருக்கு வயிற்றுப் பருமன்.

வயிற்றுப் பருமன் என்றதும் அக்காவின் உருவம் கண்முன் வந்தது. 2004-இல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் ஒரு படம் வெளியிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடலில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர் உடம்பு வாகு இது. அதனால்தான் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பு போகக் கூடாது என்று நமக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பார்க்க வேண்டியது எடை மிஷினை மட்டும் அல்ல, தையல்காரரின் டேப்பையும்தான். ஜவுளிக்கடை வீட்டில் டேப்புக்கா பஞ்சம்? அக்காவின் இடுப்பை யாரும் அளந்து பார்க்கவில்லை.

குப்பி என்ன செய்தது?

இத்தனையும் படித்தபிறகு என் பழைய கேள்விக்கு ஒருவாறு பதில் கிடைத்தது. சாக்கரின் அக்காவைக் கொல்லவில்லை. அந்த மாத்திரையால் அவள் கால் போகவில்லை. ஆனால் அது காப்பாற்றவும் இல்லை. அது செய்த கெடுதல் ஒன்றே ஒன்று. 'நான் சீனியை விட்டுவிட்டேன்' என்ற நிம்மதியை அவளுக்குக் கொடுத்தது. அந்த நிம்மதியில் சோறும் அல்வாவும் உள்ளே போயின. அந்த நிம்மதியை மாதாமாதம் வாங்கிக் கொடுத்தது நான். குப்பியோடு சேர்த்து, "அக்கா, சோறும் உள்ளே போய்ச் சீனிதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதத்தைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பார் என்று சொல்லியிருக்கலாம். மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கருப்பட்டிக்கு மாறிவிட்டோம், கவலையில்லை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் கருப்பட்டிக் காபி பிடிக்கும். ஆனால் கலோரிக் கணக்கில் கருப்பட்டிக்கும் சீனிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதுவும் இன்னொரு நிம்மதிதான்.

எனக்கும் பத்து வருடமாகச் சுகர் எல்லையில் நிற்கிறது. நான் மாத்திரை போடவில்லை. வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் காபியில் சீனியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது யார் வீட்டிலாவது சீனி போட்ட காபி கொடுத்தால் பாயசம் போல இருக்கிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயைக் கூட்டிக்கொண்டேன். மாலையில் ரத வீதி நான்கையும் ஒரு சுற்று. இது என் அனுபவம்தான், மருந்துச் சீட்டு அல்ல. சுகருக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

மகளுக்கு நேற்று போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்போ டப்பாவைத் தூக்கிப் போட்டுரவாப்பா?" என்றாள்.

"அது உன் இஷ்டம்மா. முறுக்கு டப்பாவையும் சேர்த்துப் பாரு. முதல்ல ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து எழுதி வை. மூணு மாசம் கழிச்சு மறுபடி அளந்து எனக்குச் சொல்லு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அத்தையோட அந்தக் குப்பி இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. பூஜை அலமாரியில், உள்ளே கற்பூரம் போட்டு வைத்திருக்கிறேன்.